எஃப்-150 முன்பக்கத்தை தூக்குற லெவலிங் கிட்: கராஜ்லயே போடலாமா?

உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். டல்லாஸ் பக்கம் இருக்கேன், 2022 ஃபோர்ட் எஃப்-150 சூப்பர்க்ரூ பிக்கப், ஃபோர் வீல் டிரைவ், முன்பக்கம் தாழ்ந்து நிக்குறது பிடிக்கல, 80 டாலருக்கு 2 இன்ச் லெவலிங் கிட் ஒண்ணு பாத்தேன், சனிக்கிழமை வீட்டு கராஜ்லயே போட்டுடலாமான்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரியில போற போக்குல ரெண்டு விஷயம் சொல்லியிருக்கீங்க, வருஷத்துல மூணு நாலு தடவை 5,000 பவுண்ட் கேம்பர் ட்ரெய்லர் இழுப்பேன்னும் 33 இன்ச் டயர் மாட்ட ஆசைன்னும். என்னைக் கேட்டா கேள்வியே அங்கதான் இருக்கு. போட முடியுமான்னா முடியும், கையில ஸ்பேனர் பிடிச்சுப் பழக்கம் இருக்குற யாரும் ஒரு நாள்ல முடிச்சுடலாம். உங்க வண்டிக்கு போடணுமா, போட்டா எத்தனை இன்ச்சுங்குறதுதான் யோசிக்க வேண்டியது. நான் இந்த ஊர்லயே ஒரு சஸ்பென்ஷன், அலைன்மென்ட் ஷாப்ல பல வருஷமா வேலை பாக்குறேன், எங்ககிட்ட வர்ற லெவலிங் கிட் வண்டிகள்ல பாதிக்கு மேல வீட்டுல தானே போட்டுட்டு அலைன்மென்ட்டுக்கு மட்டும் வர்றவங்க வண்டிதான், அதனால எது சரியா வருது, எது சொதப்புதுன்னு ஓரளவு தெரியும்.

முதல்ல அந்த மூக்கு ஏன் தாழ்ந்து இருக்குன்னு பாத்துடுவோம். அது கம்பெனி பண்ண தப்பு இல்ல, வேணும்னே வச்சது, ரேக்னு சொல்லுவாங்க. பிக்கப்போட பின்பக்கம் சுமை ஏத்துறதுக்குன்னு செஞ்சது, அங்க லீஃப் ஸ்பிரிங், சுமை ஏறினா இறங்கும். நம்ம ஊர்ல பொலேரோ பிக்கப் காலியா போறப்ப பின்னாடி தூக்கிக்கிட்டு ஆடிக்கிட்டே போகுமே, மூட்டை ஏத்தினதும் சமமா உக்காந்துடும், அதே கணக்குதான் இதுவும். காலி வண்டியை சமமா நிக்க வச்சீங்கன்னா, சுமை ஏறுறப்ப அது பின்னாடி சாஞ்சு மூக்கு தூக்கும். லெவலிங் கிட்டுங்குறது அந்த ரேக்கை நீங்க செலவு பண்றது, அவ்வளவுதான். சுமையே ஏத்தாத, ஆபீஸுக்கும் காஸ்ட்கோவுக்கும் மட்டும் போற வண்டின்னா தாராளமா செலவு பண்ணிக்கலாம். கேம்பர் இழுக்குற வண்டிக்கு கொஞ்சம் மிச்சம் வச்சுக்கணும்.

கேம்பர் கணக்கை போட்டே பாத்துடலாம். ட்ரெய்லரோட எடையில 10லேர்ந்து 15 சதவீதம், ட்ரெய்லரை மாட்டுற ஹிட்ச் பந்து மேல உக்காரணும், இல்லன்னா ட்ரெய்லர் வால் ஆட்டும். 5,000 பவுண்டுக்கு அது 500லேர்ந்து 750. நடுவுல 600னு வச்சுக்குங்க. அந்தப் பந்து பின் ஆக்ஸிலுக்கு சுமாரா 4 அடி பின்னாடி இருக்கு, உங்க வண்டி வீல்பேஸ் 145 இன்ச், அப்ப நெம்புகோல் கணக்குல முன் ஆக்ஸில்லேர்ந்து ஏறக்குறைய 200 பவுண்ட் எடை தூக்கப்பட்டுடும், பின் ஆக்ஸில்ல 800 பவுண்ட் ஏறும். ஸ்டியரிங் லேசாயிடும், முன் பிரேக்கோட பிடிமானம் குறையும், ஹெட்லைட் எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும். இதெல்லாம் கிட் போடாத வண்டிக்கும் நடக்குறதுதான், ஆனா முன்னாடி ஏற்கனவே 2 இன்ச் தூக்கி வச்சிருந்தா எல்லாமே கூடுதலா தெரியும். எடையை ஆக்ஸில்களுக்குப் பிரிச்சுக் குடுக்குற வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போட்டா முன் ஆக்ஸிலுக்கு எடை கொஞ்சம் திரும்ப வரும். ஹிட்ச் ரிசீவர்ல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல சாதா ஹிட்சுக்கு ஒரு எடை, வெயிட் டிஸ்ட்ரிபியூஷனுக்கு ஒரு எடைன்னு தனித்தனியா போட்டிருக்கும், கிட் வாங்குறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை படிச்சுடுங்க. பின்னாடி ஸ்பிரிங்குக்கு உதவியா காத்து அடைச்ச ஹெல்பர் ஏர்பேக் போட்டா உயரம் சரியாகும், பாக்க சமமா இருக்கும், ஆனா முன்னாடி இழந்த எடையை அது திருப்பிக் குடுக்காது, இது நிறைய பேருக்குப் புரியுறதில்ல.

சும்மா ஒரு தகவலுக்கு, மூக்கு தூக்கி பின்னாடி உக்காந்த வண்டிகளை கரோலினா ஸ்குவாட்னு இங்க சொல்லுவாங்க, அதை வேணும்னே ஸ்டைலுக்காக பண்றவங்க உண்டு. நார்த் கரோலினா 2021ல அதுக்குத் தடை போட்டுச்சு, முன் ஃபெண்டர் பின்னாடியை விட 4 இன்ச் இல்ல அதுக்கு மேல உயரமா இருந்தா குத்தம், அப்புறம் 2022ல வெர்ஜீனியா, 2023ல சவுத் கரோலினா. நீங்க போடப்போற கிட் அந்த அளவுக்கெல்லாம் போகாது, ஆனா அந்தச் சட்டங்களுக்கான காரணம், மூக்கு தூக்கின வண்டியில டிரைவருக்கு முன்னாடி இருக்குறது மறையுறதும் லைட் மேல போறதும், சின்ன அளவுல உங்களுக்கும் பொருந்தும்.

அதனால வாங்குறதுக்கு முன்னாடி அளங்க. சமதளமான தரை, டயர்ல சரியான காத்து, டேங்க் பாதிக்கு மேல. எல்லாரும் ஃபெண்டர் விளிம்பை முன்னாடியும் பின்னாடியும் அளந்து கழிச்சுப் பாக்குறாங்க, ஆனா முன் வளைவும் பின் வளைவும் ஒரே உயரத்துக்கு வெட்டினது இல்ல, அதனால அது தோற்றத்துக்கு உதவுமே தவிர வண்டி நிஜமா எவ்வளவு சாஞ்சிருக்குன்னு சொல்லாது. கதவுக்குக் கீழ ஓடுற ராக்கர் பேனல்ல முன்னாடி ஒரு இடம், பின்னாடி ஒரு இடம் தரையிலேர்ந்து அளங்க. ரெண்டுக்கும் நடுவுல 80 இன்ச் இருந்து, உயர வித்தியாசம் 1 இன்ச் வந்தா, 145 இன்ச் வீல்பேஸுக்கு அது 1.8 இன்ச்சுன்னு அர்த்தம். அப்புறம் கேம்பரை மாட்டிட்டு மறுபடி அதே இடங்களை அளங்க. மாட்டின பிறகு வண்டி சமமா நிக்குதுன்னா கம்பெனி குடுத்த ரேக் உங்க வேலைக்குச் சரியா இருக்கு. ஏற்கனவே பின்னாடி சாஞ்சிருந்தா முதல்ல ஹிட்சை சரி பண்ணுங்க, கிட்டைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம். இந்த மாதிரி அப்பப்ப இழுக்குற வண்டிக்கு நான் முழுசா லெவல் பண்ணச் சொல்லமாட்டேன், 1.5 இன்ச்சோட நிறுத்தி அரை இன்ச் ரேக்கை மிச்சம் வைங்கன்னுதான் சொல்லுவேன், பக்கத்துல நின்னு பாத்தா அந்த அரை இன்ச் கண்ணுக்கே தெரியாது.

அளக்குறப்ப இடது, வலது வித்தியாசத்தையும் எழுதி வைங்க, வீல் நடுவுலேர்ந்து நேரா மேல ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் நாலு வீலுக்கும். டிரைவர் பக்கம் கொஞ்சம் இறங்கி இருக்குறது சகஜம், பெட்ரோல் டேங்க் அந்தப் பக்கம்தான், 36 கேலன் டேங்க் ரொம்பினா பெட்ரோல் மட்டுமே 220 பவுண்ட் வரும், அதுக்கு மேல நீங்க வேற உக்காருவீங்க. கிட் போட்ட பிறகு ஒரு பக்கம் கால் இன்ச் இறங்கியிருக்கேன்னு பதறி வர்றவங்க நிறைய, போடுறதுக்கு முன்னாடியே அப்படித்தான் இருந்திருக்கும், அளந்து வச்சிருக்க மாட்டாங்க.

இப்ப கிட். உங்க வண்டிக்கு முன்னாடி ஒவ்வொரு வீலையும் பிடிச்சிருக்க மேலயும் கீழயுமா ரெண்டு கன்ட்ரோல் ஆர்ம், நடுவுல ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட். 80 டாலர் கிட்டுங்குறது பெரும்பாலும் ஸ்ட்ரட் தலைக்கு மேல, ஃப்ரேமுக்கும் அதுக்கும் நடுவுல வைக்குற ஒரு தடிமனான வட்டம், ஸ்பேசர். பெட்டி மேல 2 இன்ச்னு போட்டிருக்கும், உள்ள எடுத்து அளந்தா 1 இன்ச் சொச்சம்தான் இருக்கும். ஏமாத்திட்டான்னு நினைச்சுடாதீங்க. ஸ்ட்ரட் கீழ் ஆர்மோட முனையில நிக்கல, நடுவாக்குல நிக்குது, அதனால ஸ்ட்ரட்டை 1 இன்ச் கீழ தள்ளினா முனையில இருக்குற வீல் கிட்டத்தட்ட 2 இன்ச் இறங்கும். இது தெரியாம தடிமன் பத்தலைன்னு ரெண்டு ஸ்பேசரை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிட்டு வந்த வண்டிகளைப் பாத்திருக்கேன், அது 4 இன்ச் தூக்கின மாதிரி, ஆர்மை வீல் பக்கத்தோட சேக்குற பந்து மூட்டு, அதாவது மேல் பால் ஜாயிண்ட், முழுசா வளைஞ்சு போய் நிக்கும். அடுக்கவே கூடாது.

இன்னொரு வகை ஸ்ட்ரட்டைப் பிரிச்சு ஸ்பிரிங்குக்கு மேல உள்ளுக்குள்ள வைக்குறது, ப்ரீலோட் ஸ்பேசர். மூணாவது, ஸ்ட்ரட்டையே மாத்திட்டு ஸ்பிரிங் தட்டோட உயரத்தை மாத்திக்குற மாதிரி ஷாக் போடுறது, பில்ஸ்டீன் 5100 அந்த வகை. மேல வைக்குற ஸ்பேசர் ஸ்பிரிங்கைத் தொடாது, அதனால சாதா ரோட்டுல ஓட்டுற சுகம் அப்படியே இருக்கும், ஆனா மொத்த ஸ்ட்ரட்டும் கீழ இறங்கிட்டதால வீல் தொங்குறப்ப முன்னைவிட அதிகமா தொங்கும், அப்ப முன் வீலைச் சுத்துற சிவி ஆக்ஸிலும் பால் ஜாயிண்ட்டும் அதிகமா வளையும், மேல் கன்ட்ரோல் ஆர்ம் ஸ்பிரிங்கை உரசவும் வாய்ப்பு உண்டு. எதிர்ப்பக்கமும் ஒண்ணு இருக்கு, பெரிய குழியில விழுந்து வீல் முழுசா மேல ஏறுறப்ப ஷாக் முன்னைவிட அதிகமா அமுங்கணும், பம்ப் ஸ்டாப்ங்குற தடுப்பு பிடிக்குறதுக்குள்ள ஷாக் உள்ளுக்குள்ள அடி வாங்கலாம். ப்ரீலோட் ஸ்பேசர்ல இந்த ரெண்டு தொல்லையும் இல்ல, ஷாக்கோட நீளம் மாறல. பதிலுக்கு, வண்டி நிக்குற உயரமே ஷாக் முழுசா நீண்ட நிலைக்குப் பக்கத்துல போயிடுது, ஸ்பீடு பிரேக்கர் இறங்குறப்ப டொக்குன்னு மேல இடிக்கும், விறைப்பாவும் தெரியும். உயரம் மாத்துற ஷாக்கும் ஸ்பிரிங்கை அதே மாதிரிதான் தள்ளுது, ஆனா அந்த உயரத்துக்குன்னு வடிவமைச்ச ஷாக்குங்குறதால அடக்கிப் பிடிக்குறது நல்லா இருக்கும். செலவு பல மடங்கு ஆகும், ஸ்பிரிங் கம்ப்ரஸரும் வேணும்.

உங்க உபயோகத்துக்கு, பெரும்பாலும் தார் ரோடு, 1.5 இன்ச் மட்டும்னா மேல வைக்குற ஸ்பேசரே போதும்னு நினைக்குறேன். கரடுமுரடான ரோட்டுல வேகமா ஓட்டுற ஆசை இருந்தா ஸ்பேசர் பக்கம் போகாதீங்க, ஷாக்குக்கு காசு சேருங்க. ஸ்ட்ரட்லேர்ந்து ஒயர் ஏதாவது வந்தா அது எலக்ட்ரானிக் டேம்பர், அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துற ஷாக், அதுக்கு வேற கணக்கு, இங்க சொல்றதை அதுக்கு எடுத்துக்காதீங்க.

இதனால சிவி ஆக்ஸில், பால் ஜாயிண்ட் எல்லாம் சீக்கிரம் போயிடுமான்னு கேட்டிருந்தீங்க. வளைவு கூடினா தேய்மானம் கூடும், அது நிச்சயம். எத்தனை மைல் குறையும்னு யாராவது நம்பர் சொன்னா நம்பாதீங்க, அது ஓட்டுற விதம், டயர் எடை, ரோடு எல்லாத்தையும் பொறுத்தது. என் அனுபவத்துல 2 இன்ச்சுக்கு உள்ள இருக்குற வண்டிகள் பெரும்பாலும் எந்தப் பிரச்சனையும் இல்லாம ஓடிக்கிட்டு இருக்கு, 2.5 இன்ச்சுக்கு மேல போறப்பதான் மேல் ஆர்மையே மாத்த வேண்டிய பேச்சு வருது. மைலேஜ் குறையுமான்னா, முன்பக்கம் தூக்கினா அடியில போற காத்து கூடும், கொஞ்சம் குறையலாம், ஆனா பெரிய டயர் போட்டவங்க ரெண்டையும் சேத்து கிட்டு மேல பழி போடுறாங்க, கிட்டால மட்டும் எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம்.

சரி, வேலைக்கு வருவோம். எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் மனசுல பதிய வச்சுக்குங்க. ஸ்ட்ரட் தலையில சுத்தி மூணு நட் இருக்கும், நடுவுல ஒரு நட் இருக்கும். மூணையும் கழட்டலாம், நடு நட்டைத் தொடவே கூடாது. அதுதான் அமுங்கின ஸ்பிரிங்கைப் பிடிச்சு வச்சிருக்கு, கழட்டினா நூத்துக்கணக்கான பவுண்ட் விசையோட ஸ்பிரிங் பறந்து வரும், கை, முகம் எதுவும் மிஞ்சாது. இதனாலதான் ப்ரீலோட் ஸ்பேசரை வீட்டுல போடாதீங்கன்னு சொல்றேன், ஸ்ட்ரட்டை மட்டும் கழட்டி ஷாப்ல குடுத்தா கொஞ்ச காசுல மாத்திக் குடுப்பாங்க. அதே மாதிரி ஜாக்கை மட்டும் நம்பி கீழ கை விடாதீங்க, பின் வீலுக்கு ரெண்டு பக்கமும் கட்டை, ஃப்ரேமுக்கு அடியில ரெண்டு ஜாக் ஸ்டாண்ட், கான்கிரீட் தரை. முன்பக்கம் ரெண்டு வீலும் ஒரே நேரத்துல தொங்கட்டும், ஒரு பக்கம் மட்டும் தூக்கினா ரெண்டு பக்கத்தையும் இணைக்குற ஸ்வே பார் முறுக்கிக்கிட்டு உங்களோட மல்லுக்கட்டும்.

வீலைக் கழட்டினதும் முதல்ல பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் பிடிச்சிருக்குற பிராக்கெட்டை விடுவிங்க, ஸ்வே பார் லிங்கை ரெண்டு பக்கமும் எடுத்துடுங்க. உங்க வண்டி ஃபோர் வீல் டிரைவ், வீல் ஹப்பைத் தாங்குற இரும்புத் துண்டு, அதாவது நக்கிள், அதுக்கு ஒரு மெல்லிசான வேக்குவம் ஹோஸ் வரும், அதை கவனமா பாத்துக்குங்க, அது எதுக்குன்னு கடைசில சொல்றேன். ஸ்டியரிங்கை நக்கிளோட இணைக்குற டை ராட் நட்டை முழுசா கழட்டாம நாலஞ்சு மரை மிச்சம் வச்சுட்டு நக்கிள் பக்கவாட்டுல சுத்தியலால ரெண்டு போடு போட்டா இறுக்கம் விட்டுடும், மேல் பால் ஜாயிண்ட்டுக்கும் அப்படித்தான். கவட்டை மாதிரி இருக்குற பிக்கிள் ஃபோர்க்கை உள்ள விட்டு அடிக்காதீங்க, ரப்பர் பூட் கிழிஞ்சுடும், கிழிஞ்சா ஜாயிண்ட்டையே மாத்தணும். சில வீடியோல மேல் பால் ஜாயிண்ட்டைக் கழட்டாமலே கடப்பாரை போட்டு கீழ் ஆர்மை அமுக்கி ஸ்ட்ரட்டை உருவுவாங்க, நேரம் மிச்சமாகும்ங்குறது உண்மை, ஆனா அந்த அமுக்குல சிவி ஆக்ஸிலோட உள் ஜாயிண்ட் பிரிஞ்சு வந்துடுற ஆபத்து இருக்கு. பால் ஜாயிண்ட் பிரிஞ்சதும் நக்கிள் வெளிய சாயப் பாக்கும், ஒரு ஸ்ட்ராப்பால ஃப்ரேமோட கட்டி வைங்க, அதோட எடை பிரேக் ஹோஸ் மேலயோ சிவி மேலயோ விழக்கூடாது.

ஸ்ட்ரட்டை எடுக்குறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் வெளிய பாத்து நிக்குதுன்னு பெயிண்ட்ல ஒரு கோடு போடுங்க. கீழ ரெண்டு, மேல மூணு, கழட்டினா ஸ்ட்ரட் கையோட வந்துடும். ஸ்பேசரை தலையில உக்கார வச்சு கிட்டோட வந்த நட்டால இறுக்கி, மறுபடி உள்ள ஏத்தணும், இங்கதான் ஒரு ஆள் துணை வேணும், கனமாவும் இருக்கும், கீழ போல்ட் துவாரம் நேரா வராது. கீழ் ஆர்முக்கு அடியில ஜாக் வச்சு மெதுவா ஏத்தி இறக்கினா வந்துடும். துவாரத்துக்குள்ள விரலை விட்டு சரியா வந்துடுச்சான்னு பாக்காதீங்க, ஒரு ஸ்க்ரூடிரைவர் விட்டுப் பாருங்க. ரெண்டாவது பக்கம் முதல் பக்கத்தோட பாதி நேரத்துல முடிஞ்சுடும்.

இறுக்குறதுக்கு, எவ்வளவு விசையில இறுக்குறோம்னு அளக்குற டார்க் ரெஞ்ச் கட்டாயம். வீல் நட் 150 அடி-பவுண்ட், மத்ததுக்கெல்லாம் உங்க வருஷத்து சர்வீஸ் மேனுவல் நம்பரைப் பாத்து இறுக்குங்க, வீடியோவுல யாரோ சொன்னதை எடுத்துக்காதீங்க. நைலான் வச்ச லாக் நட்டெல்லாம் ஒரு தடவை கழட்டினா புதுசு போடுறது நல்லது, சில டாலர்தான். கன்ட்ரோல் ஆர்மோட உள்பக்க போல்ட்டை நீங்க தளர்த்தியிருந்தா அதை வீல் தொங்குறப்ப இறுக்காதீங்க, வண்டியை தரையில இறக்கி எடை ஏறின பிறகு இறுக்குங்க. அந்த போல்ட் போற புஷ்ல ரப்பர் ரெண்டு பக்கமும் உலோகத்தோட ஒட்டியிருக்கும், தொங்குற நிலையில இறுக்கினா வண்டி இறங்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், கொஞ்ச நாள்ல கிழியும். கிட் போட்டு ஆறு மாசத்துல கிறீச் கிறீச்னு வர்ற வண்டிகள்ல நிறைய இந்தக் கதைதான்.

போட்டு முடிச்சதும் நேரா அலைன்மென்ட் ஷாப்புக்கு. டோ, அதாவது மேலேர்ந்து பாத்தா வீல் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்குற கோணம், மாறியிருக்கும், வீல் சாய்மானம் (இதுக்கும் கேம்பர்னுதான் பேரு, நீங்க இழுக்குற ட்ரெய்லர் இல்ல) பெரும்பாலும் வீல் தலை வெளிய சாயுற பக்கம் போயிருக்கும், ஸ்டியரிங் அச்சு முன்ன பின்ன சாயுற கோணமான காஸ்டரும் மாறும். டோ தப்பா இருந்தா புது டயரை சில ஆயிரம் மைல்ல தின்னுடும். வெறும் டோ மட்டும் பண்ணிட்டு அனுப்புற ஷாப் இருக்கு, மூணையும் பாக்கணும்னு சொல்லி, முன்னும் பின்னும் அளந்த பிரிண்ட்அவுட் கேட்டு வாங்குங்க. ஸ்டியரிங் நடுவுல நிக்குதான்னு நேர் ரோட்டுல ஓட்டிப் பாருங்க, அது கோணலா இருந்தா சும்மா கண்ணை உறுத்துற விஷயம் மட்டும் இல்ல, ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் லேன் கீப்பிங்கும் ஸ்டியரிங் சென்சாரை நம்பித்தான் வேலை செய்யுது.

எல்லாரும் மறக்குறது ஹெட்லைட். 145 இன்ச்சுக்கு 2 இன்ச் தூக்கினா 25 அடி தூரத்துல வெளிச்சம் சாய்மானத்தால மட்டும் 4 இன்ச் மேல போகும், லைட்டே 2 இன்ச் உயர்ந்ததையும் சேத்தா 6. 300 அடி தூரத்துல 4 அடிக்கு மேல, அதாவது எதிர்ல வர்ற காரோட கண்ணாடியில. கிட் போடுறதுக்கு முன்னாடியே சுவத்துலேர்ந்து 25 அடி தள்ளி நிறுத்தி வெளிச்சத்தோட மேல்கோட்டுல டேப் ஒட்டி, லைட் தரையிலேர்ந்து எவ்வளவு உயரம்னும் குறிச்சுக்குங்க. போட்ட பிறகு லைட் எவ்வளவு உயர்ந்திருக்கோ அந்த அளவுக்கு மட்டும் கோடு டேப்புக்கு மேல இருக்கலாம், மிச்சத்தை லைட்டுக்குப் பின்னாடி இருக்குற திருகால இறக்குங்க, பத்து நிமிஷ வேலை. டெக்ஸாஸ்ல 2025 ஜனவரி 1லேர்ந்து சொந்த வண்டிக்கு வருஷாந்திர சேஃப்டி இன்ஸ்பெக்ஷனே கிடையாது, டல்லாஸ்ல புகை டெஸ்ட் மட்டும்தான், அதனால உங்க லைட்டை வேற யாரும் பாத்துச் சொல்லப்போறதில்ல. கண்ணாடிக்குப் பின்னாடி இருக்குற கேமரா, அடாப்டிவ் குரூஸ் இருந்தா முன்னாடி ரேடார், இதுங்களும் முக்கால் டிகிரி மேல பாக்கும். நிறைய வண்டிகள்ல எந்த எரர் லைட்டும் வராம ஓடுது, ஆனா லைட் வரலைங்குறதால முன்ன மாதிரியே சரியா பாக்குதுன்னு உறுதி சொல்லமுடியாது, அலைன்மென்ட் பண்றப்ப கேலிப்ரேஷனையும் கேட்டுடுங்க.

டயர் விஷயம் சுருக்கமா. இப்ப இருக்குற 275/65 ஆர்18 சுமார் 32.1 இன்ச் உயரம், 275/70 ஆர்18 போட்டா 33.2. அகலம் அதேதான், பழைய ரிம்முலயே போட்டா 1.5 இன்ச் தூக்கினதுல உரசாம போக நல்ல வாய்ப்பு இருக்கு, வெளிய துருத்துற ரிம் வாங்கினாத்தான் ஸ்டியரிங்கை முழுசா திருப்புறப்ப ஃபெண்டர் உள்பக்கம் உரசும். ஸ்பீடோமீட்டர் 3.4 சதவீதம் குறைவா காட்டும், 65னு காட்டுறப்ப நிஜத்துல 67 போவீங்க, அதை கம்ப்யூட்டர்ல மாத்திக்கலாம். கேம்பர் இழுக்குறப்ப பெரிய டயர் கியரை உயர்த்தின மாதிரி இழுவையைக் குறைக்கும், அதையும் யோசிச்சுக்குங்க.

வாரண்டி மொத்தமா போயிடும்னு டீலர்ல சொன்னாங்கன்னு எழுதியிருந்தீங்க, அது சரியில்ல. 1975லேர்ந்து மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம் இருக்கு, வெளிச்சந்தை பார்ட் போட்டதுக்காக மட்டும் வாரண்டியை மறுக்கமுடியாது, அந்த பார்ட்டாலதான் கெட்டுச்சுன்னு அவங்க காட்டணும். ரேடியோ, டிரான்ஸ்மிஷனுக்கெல்லாம் கிட்டைக் காட்டி கையை விரிக்க முடியாது. ஆனா சிவி ஆக்ஸில், பால் ஜாயிண்ட், ஸ்ட்ரட்னு வந்தா கிட்டைத்தான் காட்டுவாங்க, அங்க உங்க வாதம் பலவீனம். செலவுன்னு பாத்தா கிட் போக அலைன்மென்ட் 100லேர்ந்து 150 டாலர், ஷாப்லயே எல்லாம் போடச் சொன்னா கூலி 200லேர்ந்து 400 வரைக்கும் கேப்பாங்க, ஷாப்புக்கு ஷாப் மாறும். டார்க் ரெஞ்ச், ஜாக் ஸ்டாண்ட் எல்லாம் புதுசா வாங்கணும்னா வீட்டுல போட்டு மிச்சம் பண்றது பெருசா ஒண்ணும் இல்ல, பழகிக்குறதுக்காக பண்றேன்னா பண்ணுங்க.

இதையெல்லாம் வேற வண்டி வச்சிருக்குற நண்பர்களுக்கு அப்படியே அனுப்பிடாதீங்க. சில்வராடோ 2500 ஹெச்டில ஸ்பிரிங்குக்கு பதிலா முறுக்குற கம்பி, டார்ஷன் பார், அதோட முனையில இருக்குற கீயை மாத்தி போல்ட்டை இறுக்கித் தூக்குறது. ராம் 2500, எஃப்-250 ஃபோர் வீல் டிரைவ்ல எல்லாம் முன்னாடி ஒரே ஆக்ஸில், ஸ்ட்ரட்டே கிடையாது, அதுல தூக்கினா ஆக்ஸிலைப் பக்கவாட்டுல பிடிச்சிருக்குற ட்ராக் பார் கோணம் மாறி ஆக்ஸில் ஒரு பக்கம் தள்ளிப்போகும், தேய்ஞ்ச ஜாயிண்ட் ஏதாவது இருந்தா ஸ்டியரிங் வெறி பிடிச்ச மாதிரி ஆடும்.

கடைசியா சத்தம். முதல் 100 மைல் ஓட்டின பிறகு எல்லா நட்டையும் டார்க் ரெஞ்ச்ல மறுபடி ஒரு தடவை பாருங்க. மெதுவா போறப்ப மேடு பள்ளத்துல டொக் டொக்னு வந்தா முதல்ல ஸ்வே பார் லிங்க், அடுத்து ஸ்ட்ரட்டோட மேல் மூணு நட், ஸ்பேசர் சமமா உக்காராம இருந்தாலும் இதே சத்தம்தான். ஸ்பீடு பிரேக்கர் இறங்கி வீல் தொங்குறப்ப மட்டும் டங்குன்னு உலோகச் சத்தம் வந்தா மேல் ஆர்ம் ஸ்பிரிங்கைத் தொடுது, பெயிண்ட் உரிஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, உரிஞ்சிருந்தா ஸ்பேசர் தடிமன் அதிகம். முன் வீல் பக்கம் கரகரன்னு அரைக்குற மாதிரி வந்தா நான் முன்ன சொன்ன அந்த வேக்குவம் ஹோஸ். ஃபோர்ட்ல எஞ்சின் வேக்குவம்தான் முன் ஹப்பை ஆக்ஸில்லேர்ந்து விலக்கிப் பிடிச்சு வச்சிருக்கு, ஹோஸ் கழண்டாலோ கிழிஞ்சாலோ ஹப் பாதி பிடிச்சு பாதி விட்டு பல்லு அரையும். அந்தச் சத்தத்தோட ரெண்டு மூணு நாள் ஓட்டிப் பாக்கலாம்னு விடாதீங்க, ஹோஸ் சில டாலர்ல முடியும், ஹப் யூனிட் அப்படி இல்ல.